நாவலரவர்கள் சுமந்த பாரம்

மன்னார்த் தீவினின்றும் பாலங்கடந்து மாதோட்டத்தை அடைவோர் பாலாவிக் கரையிலே திருக்கேதீச்சரத்தைத் தரிசிப்பர். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் திருப்பதிகம் அருளிச்செய்த தலம் இது. பறங்கியர் 1560 ஆம் ஆண்டு மன்னாரைக் கைக்கொண்டனர். அவர்கள் கோயிலை இடித்து, அதன் கற்களை மன்னார்க் கோட்டைக்குக் கொண்டுபோயினர் என்பது இப்பகுதியார் வழிவழியாகச் சொல்லிவருஞ் செய்தி. பின்பு நெடுங்காலம் அவ்விடம் காடாய்க் கிடந்தது. 1872 ஆம் ஆண்டிலே அத்தலத்தின் பெருமையைச் சைவர்களுக்கு நினைவூட்டி, அதனைப் புதுக்குமாறு எழுதி வேண்டியவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள். அப்பொழுது அவர்கள்மேல் இருந்த சுமைகளை எண்ணிப் பார்ப்பின், இன்னுமொன்றை ஏற்கத் துணிந்தது எவ்வாறென்னும் வியப்புத் தோன்றும்.

1822 ஆம் ஆண்டு மார்கழியிலே பிறந்த நாவலரவர்கள், யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரது வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கேயே உபாத்தியாயராயும் அமர்ந்தார்கள். பைபிளைத் தமிழிற் பெயர்க்கும் வேலையிலும் அப்பாதிரியாருக்குத் துணைசெய்தார்கள். இதனை மறைக்க விரும்புஞ் சைவரும் உளர். மறைத்தற்கு யாது காரணமோ அறியேன். யானும் மிஷன் பாடசாலையிலே படித்தவன்; அங்கே பெற்ற கல்விக்கு இன்றும் நன்றியுடையேன். பாதிரிமார் ஊர்தோறும் பாடசாலை வைத்து ஒழுங்காக நடத்தியதை உள்ளிருந்து கண்டமையாலன்றோ, சைவப்பிள்ளைகளுக்கு இல்லாதது யாதென்பது நாவலரவர்களுக்குத் தெளிவாயிற்று.

1847 ஆம் ஆண்டு மார்கழி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர்களது முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, மிஷன் உத்தியோகத்தையும் சம்பளத்தையும் விட்டார்கள். விவாகமுஞ் செய்துகொள்ளவில்லை. 1849 இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னபட்டணஞ் சென்றபொழுது, திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலரென்னும் பட்டம் அளித்தனர். பட்டத்தால் வித்தியாசாலைச் செலவு தீருமா? அரசினர் உதவிப்பணமோ பல ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை. 1864 இல் சிதம்பரத்திலே மற்றொரு வித்தியாசாலை எழ, கடலின் இருகரையிலும் பொருள் தேடவேண்டியதாயிற்று.

சுமை கனத்தபொழுது அவர்கள் அதனை வாய்விட்டுச் சொல்லாதிருந்தாரல்லர். 1868 இல் சைவசமயிகளுக்கு வெளியிட்ட விக்கியாபனத்திலே, தாம் உத்தியோகத்தையும் இல்வாழ்க்கையையும் வேண்டாது நின்றதற்குக் காரணம் சைவமும் அதற்குக் கருவியாகிய கல்வியும் வளரவேண்டுமென்னும் ஆசையே என்று வெளிப்படக் கூறினார்கள். பொருளுடையோரின் பராமுகத்தையும் பலமுறை கடிந்தெழுதினார்கள். இவ்வேலை பாரமாயிருக்கின்றதென்று சொல்வது பத்திக்குறைவென்று நம்மிற் சிலர் நாணுகின்றோம். அந்நாணம் அவர்களிடம் இருந்ததாகத் தோன்றவில்லை. தாமே கூட்டிக்கொண்ட பாரமும் உண்டென்பது எனது துணிபு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலதிகாரிகளோடு நேர்ந்த பூசல்களும், இராமலிங்க சுவாமிகளது பாடல்களைப்பற்றி எழுந்து 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரையுஞ் சென்ற வழக்கும் அவர்களுடைய காலத்தையும் வலிமையையும் மிக உண்டன.

திருக்கேதீச்சரத்தைக் குறித்து எழுதிய அந்த 1872 ஆம் ஆண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையொன்றையுந் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுள்ளே பொருளின்மையால் அது நின்றுபோயிற்று. திருக்கேதீச்சரத்திலோ அவர்கள் காலத்தில் ஒரு கல்லும் எழவில்லை. இரண்டு முயற்சியும் இவ்வாறாகவும் 1877 இல் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தபொழுது, ஏழைகளுக்குக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்த முன்னின்றவர் அவர்களே.

இவ்வலிமை எங்கிருந்து வந்தது? நாடோறுஞ் செய்த சிவபூசையிலிருந்து என்றே யான் கொள்கின்றேன். வேலை மிகுந்த நாளிலும் பூசையை நிறுத்தி அந்நேரத்தை வேலைக்குக் கொடுக்க அவர்கள் நினைத்தாரல்லர். பூசையிலே தம்மைச் சிவபெருமானிடம் ஒப்புவித்தவர்க்கு, மூடப்பட்ட வித்தியாசாலையும் அவருடையதே. காடு மூடிய கோயிலும் அவருடையதே. பள்ளிக்கு விரையும் அவசரத்திலே பூசையை ஐந்து நிமிஷத்தில் முடித்து, மாலையிலே களைத்துத் திரும்பும் என்போன்ற உபாத்தியாயர்க்கு இது எளிதன்று.

1879 ஆம் ஆண்டு ஆடிச் சுவாதி, சுந்தரமூர்த்தி நாயனாரது குருபூசை தினம். அன்று தமது வித்தியாசாலையிலே அவர்கள் செய்த பிரசங்கமே கடைசிப் பிரசங்கமாயிற்று. அவ்வாண்டு கார்த்திகை மகத்திலே, டிசெம்பர் 5 ஆந் தேதி, சிவபதமடைந்தார்கள்.

பதினான்கு ஆண்டு கழிந்து, 1893 இல் மாதோட்டத்துக் கோயில் நிலம் ஏலத்திலே சைவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு காட்டை வெட்டி அகழ்ந்தபொழுது பழைய சிவலிங்கம் மண்ணினின்றும் வெளிப்பட்டது. 1903 ஆம் ஆண்டு அங்கே ஒரு சிறு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது.