பாலம் கட்டிய பாவை



ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைக் கட்ட அறிவு வேண்டும், உழைப்பு வேண்டும், இவற்றிற்கு மேலாகப் பொறுமையும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே பெற்ற ஒரு பெண்மணியின் வாழ்வை இங்கே காண்போம். அவர்தான் எமிலி வாரன் ரோப்ளிங் அம்மையார்.

எமிலி 1843-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் கோல்டு ஸ்பிரிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். இராணுவ அதிகாரியான அவருடைய அண்ணன், தங்கையின் படிப்பில் மிகுந்த அக்கறை கொண்டவர். பதினைந்தாம் வயதில் எமிலி ஜார்ஜ்டவுனில் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். நம் வயதில், நம்மைப் போலவே மடத்துப் பள்ளியில், இயற்கணிதமும் வானியலும் தையலும் கற்றார்.

1865-இல் வாஷிங்டன் ரோப்ளிங் என்னும் பொறியாளரை மணந்தார். மாமனார் ஜான் ரோப்ளிங் தொங்கு பாலங்கள் கட்டுவதில் புகழ் பெற்றவர். நியூயார்க்கையும் புரூக்ளினையும் பிரிக்கும் ஈஸ்ட் நதியின்மேல் மாபெரும் பாலம் ஒன்றை அவர் திட்டமிட்டார். ஆனால் 1869-இல் படகு மோதிக் கால் நசுங்கியது. இசிவு நோய் கண்டு இறந்தார். பொறுப்பு மகனின் தோளில் விழுந்தது.

1870-இல் வேலை தொடங்கியது. அடிப்பகுதி திறந்த மிகப் பெரிய மரப்பெட்டியை ஆற்றின் அடியில் இறக்கி, தண்ணீர் புகாதபடி அழுத்தமான காற்றைச் செலுத்தினார்கள். அதனுள்ளே நின்று தொழிலாளர் மண்ணைத் தோண்டினர். அங்கிருந்து விரைவாக மேலே வருவோரின் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகும். அதனால் தாங்க முடியாத வலி வரும். சிலர் இறந்தும் போயினர். அடிக்கடி உள்ளே இறங்கிய வாஷிங்டனும் 1872-இல் அந்நோய்க்கு ஆளானார். அதன்பின் அவரால் வேலை நடக்கும் இடத்திற்குச் செல்ல இயலவில்லை.

பாலம் பாதியில் நின்றுவிடுமோ? எமிலி கலங்கவில்லை. கணவரின் கட்டளைகளை எழுதிக்கொண்டு நாள்தோறும் பொறியாளர்களிடம் சென்றார். வெறும் தூதராக மட்டும் இருக்க அவர் மனம் ஒப்பவில்லை. உயர் கணிதத்தையும், பொருள்களின் வலிமையைக் கணக்கிடும் முறையையும், வடங்கள் அமைக்கும் விதத்தையும் தாமே கற்றார். பொறியாளர்களின் ஐயங்களுக்குத் தெளிவாக விடையளித்தார். வாஷிங்டன் தம் வீட்டுச் சன்னலிலிருந்து தொலைநோக்கி வழியே வேலையைக் கவனித்தார்.

1882-இல் நோயாளியான தலைமைப் பொறியாளரை நீக்க வேண்டும் என்று சிலர் முயன்றனர். அம்மையார் கணவருக்காக உறுதியுடன் வாதாடினார். முயற்சி தோற்றது.

நான்கு பெரிய வடங்கள் பாலத்தைத் தாங்குகின்றன. ஒவ்வொரு வடத்திலும் 5,434 எஃகுக் கம்பிகள் உள்ளன. இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் 486 மீட்டர். அந்நாளில் உலகிலேயே நீளமான தொங்கு பாலம் அதுவே. 1883-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அதற்குச் சில நாள்கள் முன்பே, வெற்றியின் அடையாளமாக ஒரு சேவலைக் கையில் ஏந்தி, குதிரை வண்டியில் அதைக் கடந்தவர் எமிலி அம்மையார்.

அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. ஐம்பத்தைந்து வயதில், 1899-இல், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான சட்ட வகுப்பில் தேறிச் சான்றிதழ் பெற்றார். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் காலமானார். 1951-இல் பாலத்தில் பதித்த நினைவுப் பலகையில், கணவர், மாமனார் பெயர்களோடு அம்மையாரின் பெயரும் பொறிக்கப்பட்டது.

தோழியரே! பொறியியல் கல்லூரியின் படியை மிதிக்காத ஒரு பெண், கடமை அழைத்தபோது கற்றுக்கொண்டு செய்து முடித்தார். கணக்குப் பாடம் கடினம் என்று நாம் புத்தகத்தை மூடும் வேளையில், அந்த அம்மையாரை நினைப்போம். மூடிய புத்தகத்தை மீண்டும் திறப்போம்!