கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையினைத் தொல்காப்பியர் முதற்கண் வைத்து எண்ணினார். அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனைப் பற்றிப் பிறக்கும் என்றும் வகுத்தார். பிறரை எள்ளி அவையோரை நகைப்பித்தல் எளிது. எவருள்ளமும் புண்படாதவாறு நகைப்பித்து, அந்நகையோடு நல்லறிவும் ஊட்டுதல் அரிது. அவ்வரிய தொழிலைத் தமிழ்நாட்டில் திறம்படச் செய்து காட்டியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ஆவர்.

இவர் 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில், சுடலைமுத்து, இசக்கியம்மாள் என்பார்க்கு மகனாய்ப் பிறந்தார். குடும்ப வறுமையால் நான்காம் வகுப்போடு கல்வி நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் சிறுவனாய்ப் புகுந்தவர், விற்பனையை மறந்து மேடையையே நோக்கி நின்றார். நாஞ்சில் நாட்டில் வழங்கிய வில்லுப்பாட்டு அவர் செவியில் இளமையிலேயே ஊறியிருந்தது. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். அக்குழுவினர் நடத்திய தேசபக்தி என்னும் நாடகத்தில் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாக இவர் பாடியது மக்களைப் பெரிதும் கவர்ந்தது.

1935-இல் மேனகா, 1936-இல் சதி லீலாவதி ஆகிய படங்களின் வாயிலாகத் திரையுலகிற் புகுந்தார். பின்னதை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். அவருடைய நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாடவில் என்னும் பல்சுவை அரங்குகள் ஊர்தோறும் நடைபெற்றன. அவற்றில் நகைச்சுவைப் பாடகர் ஒருவர் சில நிமிடங்களே மேடையில் நின்று, ஒரு பாட்டாலும் சில பேச்சாலும் அவையைச் சிரிக்கச் செய்து மறைவர். ஏறத்தாழ அம்முறையே கிருஷ்ணனும் மேற்கொண்டார். கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் நகைச்சுவைப் பகுதியைத் தம் குழுவினரைக் கொண்டு தாமே அமைத்துப் படங்களிற் சேர்த்தார். வசந்தசேனா படத்தின்போது அறிமுகமாகி வாழ்க்கைத் துணைவியான டி. ஏ. மதுரம் அம்மையார் அப்பகுதிகளுக்கு உயிராய் விளங்கினார். நம் கோவைப் பட்சிராஜா நிறுவனத்தாரின் ஆர்யமாலா (1941), ஜகதலப்பிரதாபன் (1944) ஆகியவற்றிலும் இவ்விருவர் நகைச்சுவையைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர்.

புகழின் உச்சியில் நின்றவர்க்குப் பேரிடர் ஒன்று நேர்ந்தது. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாசிரியர் சென்னையிற் குத்துண்டு இறந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரோடு கிருஷ்ணனும் கைதாகி, 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆராயப்பெற்று, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவரென விடுதலையாயினர். இரண்டாண்டுக்கு மேல் நாட்டைச் சிரிக்க வைத்தவர் சிறைச்சுவருக்குள் இருந்தார். அக்காலத்தில் மதுரம் அம்மையார், எஸ். வி. சகஸ்ரநாமம் முதலானோர் துணையுடன் நாடக சபையை நடத்திக் குடும்பத்தையும் குழுவையும் காத்தார். இத்தகைய துன்பம் பலரைக் கசப்புடையராக்கும். கிருஷ்ணன் நகையிலோ கசப்புப் புகவில்லை. அவ்வாண்டிலேயே பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தைச் சூட்டினார்.

மாணவர்களாகிய நாம் சிறப்பாக அறியத்தக்கது அவருடைய கிந்தனார் கதாகாலட்சேபம். நந்தனார் தில்லைக்குச் செல்ல ஏங்கினார். கிந்தனோ கல்விக்கு ஏங்குகின்றான். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த அச்சிறுவன் உள்ளூர்ப் பள்ளியில் இடர்ப்பட்டு, புகைவண்டி ஏறிப் பட்டணம் சென்று கற்று, பள்ளிகளை மேற்பார்வையிடும் அதிகாரியாய்த் தன் ஊருக்கே திரும்பி வருகின்றான். பழைய பாகவதர்களின் பாட்டும் உரையும் கலந்த முறையிலேயே இதனை நிகழ்த்தியமையால், பாமரரும் கேட்டுச் சிரித்தனர். ஆனால் அச்சிரிப்பு கிந்தனை நோக்கியதன்று. அவனுக்குக் கல்வியை மறுத்த சமுதாயத்தின் பேதைமையை நோக்கியது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர் கல்வியின் பெருமையை இவ்வளவு பேருக்கு உணர்த்தினார் என்பது எண்ணி வியத்தற்குரியது. இக்காலட்சேபம் 1949-இல் வெளிவந்த நல்லதம்பி என்னும் படத்திலும் இடம்பெற்றது. அமெரிக்க இயக்குநர் பிராங்க் காப்ராவின் படமொன்றைத் தழுவி சி. என். அண்ணாதுரை எழுதிய அக்கதை, மதுவிலக்கையும் வலியுறுத்தியது.

ஈட்டிய பொருளை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. நாடிவந்தோர்க்கு வாரி வழங்கினார்; நாகர்கோயிலிற் காந்தியடிகளுக்கு நினைவுத்தூண் எழுப்பினார். கையிருப்புக் குறைந்த இறுதிக் காலத்திலும் ஈகை குறையவில்லை. 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள், ஐம்பது ஆண்டு நிறைவதற்கு முன்னரே, மறைந்தார்.

சென்னையில் அவர் பெயரால் கலைவாணர் அரங்கம் விளங்குகின்றது. எனினும் அவருக்கு உரிய நினைவுச்சின்னம் கட்டடம் மட்டுமன்று. உடன் பயில்வோரின் வறுமையையும் பிறப்பையும் பேச்சையும் எள்ளி நகையாடும் வழக்கம் எந்த மாணவர் விடுதியிலும் தலைகாட்டக் கூடியது. அத்தகைய நகை நம் வாயில் எழும்போது, கிந்தனை நினைந்து அதனை அடக்குவோமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.