துணி வணிகர் கண்ட நுண்ணுலகம்

கல்முனையை அடுத்த மருதமுனைக் கைத்தறிச் சேலையின் தரத்தை அறிய விரும்புவோர் அதன் இழை நெருக்கத்தையே முதலில் நோக்குவர். இழையை நோக்கப் பழகிய ஒரு கண்ணே மனிதனின் வாயில் வாழும் நுண்ணுயிர்களையும் முதன்முதலிற் கண்டது. அக்கண்ணுக்குரியவர் ஒல்லாந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் அந்தோனி வான் லீவன்ஹூக். நம் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரும் அந்நகரின் பெயரேயாகும்.

1632இல், கூடை முடையும் தொழிலாளி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று துணி வணிகம் பயின்று, 1654இல் ஊர் மீண்டு கடை வைத்தார். மணமும் முடித்தார். பிறந்த மக்கள் ஐவருள் மரியா என்னும் மகள் ஒருத்தியே பிழைத்து வளர்ந்தாள்.

அவர் பல்கலைக்கழகம் சென்றவரல்லர். அறிஞர் மொழியாகிய இலத்தீனும் அறியார். ஆயினும் தம் கையாலேயே ஐந்நூறுக்கு மேற்பட்ட வில்லைகளை ஆக்கினார். எஞ்சியுள்ள அவருடைய நுணுக்குக்காட்டிகளுள் ஒன்று பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. 1673 முதல் இலண்டன் வேத்தியற் கழகத்துக்குத் தாய்மொழியிலேயே கடிதங்கள் எழுதினார். 1680இல் அக்கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

1683 செப்டெம்பரில் எழுதிய கடிதமே நாம் ஈண்டு கருதுவது. நாள்தோறும் உப்பினால் பல் துலக்கி, துணியாலும் துடைப்பவர் அவர். அப்படியிருந்தும் பல்லிடுக்கில் மாவு குழைத்தாற்போல் வெண்படிவு ஒட்டியிருந்தது. அதனை மழைநீரிற் கலந்து நோக்கியபோது, எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளியும் சுழன்றும் திரிந்தன.

பிறர் வாயிலும் இவை உளவோ என ஆராயத் தொடங்கினார். எட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் உமிழ்நீரை நோக்கினார், உயிரெதுவும் தென்படவில்லை. அதே பிள்ளையின் பல்லிடுக்குப் படிவை நோக்கினார். தம் வாயிற் கண்ட அளவுக்கே சிற்றுயிர்கள் நிறைந்திருந்தன. வினாகிரி ஊற்றிப் பார்த்தார். படிவின் புறத்தே இருந்தவை மடிந்தன. உள்ளே இருந்தவற்றை அது எட்டவில்லை.

அவை பற்றீரியாக்கள் என நாம் இன்று அறிவோம். நலமுடைய பிள்ளைகளின் பற்படலத்திலும் அவை வாழ்கின்றன. பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. சீனி அடிக்கடி கிடைக்கும்போது அவற்றுட் சில அதனை அமிலமாக்குகின்றன. அந்த அமிலமே பல்லை அரித்துச் சூத்தையாக்குகிறது. இதனை மில்லர் என்னும் அறிஞர் 1890இல் விளக்கினார். வாய் கொப்பளிப்பது மட்டும் போதாது, படலத்தைத் தேய்த்தே அகற்ற வேண்டும் என்பதற்கு அந்த வினாகிரிச் சோதனையே சான்று.

நுண்ணுயிர் நோய் விளைவிக்கும் என்பதை அறியாமலே, 1723இல், தம் தொண்ணூறாவது வயதில் லீவன்ஹூக் மறைந்தார். நான்கு குழந்தைகளைப் புதைத்த அத்தந்தை, அயற்பிள்ளையின் வாயில் அச்சமின்றி வியப்போடு நோக்கினார். மிஸ்வாக் குச்சியாயினும் தூரிகையாயினும், பிள்ளைக்குப் பல் துலக்கப் பழக்கும் பெற்றோர் அச்சத்தை விடுத்து அக்கவனத்தைக் கைக்கொள்வாராக. பல்லிடுக்கில் உயிர் இருப்பது இழுக்கன்று. அதற்கு ஓயாது இனிப்பூட்டுவதே கேடு.