ஜகதீச சந்திர போஸ்

மேசைமேல் மடிக்கணினி ஒன்று திறந்திருக்கிறது. அதனோடு கம்பி எதுவும் பிணைக்கப்படவில்லை. ஆயினும் அடுத்த அறையிலுள்ள சிறு பெட்டியோடு அது இடையறாது செய்தி மாற்றிக்கொண்டிருக்கிறது. வைஃபை என வழங்கும் இவ்வேற்பாட்டில் தூது செல்பவை கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளே. அவ்வலைகளை மிகக் குறுகியனவாக எழுப்பி ஆராய்ந்த முன்னோடி, வங்கம் ஈன்ற அறிஞர் ஜகதீச சந்திர போஸ்.

இவர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க அலுவலர். எனினும் அவர் தம் மைந்தரை முதலில் வங்கமொழிப் பள்ளிக்கே அனுப்பினார். பின்னர்க் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற போஸ், 1885இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அங்கே ஐரோப்பியருக்கு ஓர் ஊதியம், இந்தியருக்கு அதனினும் குறைந்த ஊதியம் என்னும் முறை இருந்தது. போஸ் சினந்து பேசினாரில்லை. பணியை விட்டு விலகினாருமில்லை. மூன்றாண்டுக் காலம் ஒரு காசும் பெறாமலே பாடம் நடத்தினார். சென்னையில் மருத்துவம் பயின்ற அபலாவை அவர் மணந்ததும் அவ்வறுமை நாள்களில்தான். இறுதியில் கல்லூரியார் முழு ஊதியத்தையும் நிலுவையோடு வழங்கினர்.

ஆராய்ச்சிக்குக் கிடைத்ததோ 24 சதுர அடிச் சிற்றறை. தகர வேலை செய்யும் தொழிலாளி ஒருவரைப் பழக்கி, தம் பொருளைச் செலவிட்டுக் கருவிகளைச் செய்வித்தார். ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் கண்டறிந்த அலைகள் நீண்டவை; அவற்றை ஆராயப் பெருங்கருவிகள் வேண்டும். போஸ் எழுப்பிய அலையின் நீளமோ ஐந்து மில்லிமீட்டர் அளவிற்குக் குறுகியது. எனவே மேசைமேல் அடங்கும் கருவிகளே போதுமாயின. ஈயத்தாள் இடையிட்ட இரயில் கால அட்டவணை நூலொன்றும், திரித்த சணலும்கூட அவருக்கு ஆய்வுக் கருவிகளாயின! 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியின்றியே தொலைவிலிருந்து மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார்.

செய்தி அனுப்பும் தொழிலை வளர்த்துப் புகழ் பெற்றவர் மார்க்கோனி. போஸ் ஏமாற்றப்பட்டார் என்று கூறுவார் உளர். அது முற்றும் பொருந்தாது. அலையின் இயல்பை அறிவதே போஸின் வேட்கை. கண்டுபிடிப்பைப் பொருளீட்டும் வழியாக்க அவர் விரும்பவில்லை. நண்பர் வற்புறுத்தலால் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1904இல் கிடைத்தது. அதனாலும் அவர் பயன் தேடவில்லை.

இன்றைய மடிக்கணினி பெரும்பாலும் வினாடிக்கு 240 கோடி, 500 கோடி முறை என்னும் அளவில் அதிரும் அலைகளைக் கையாளுகிறது. முன்னதன் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். பின்னதற்கு 6 சென்டிமீட்டர். நீண்ட அலை சுவர்களைத் தாண்டிச் சேய்மை அறையையும் எட்டும்; ஆனால் அண்டை வீட்டுப் பெட்டிகளின் அலைகளோடு நெருக்கடியில் சிக்கும். குறுகிய அலை விரைவு மிக்கது. பெட்டிக்கு அருகிலிருப்போர்க்கு அதுவே ஏற்றது. இவற்றினும் குறுகிய ஐந்து மில்லிமீட்டர் அலையைப் பயன்படுத்தும் வைஃபை விதி 2012இல் வகுக்கப்பட்டது. அது பெரிதும் ஓர் அறைக்குள்ளேயே பயன்படுவது. அந்த அலைநீளத்தையே போஸ் தம் சிற்றறையில் ஆராய்ந்தார்.

பிற்காலத்தில் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்வதில் அவர் ஈடுபட்டார். 1917இல் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவினார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் மறைந்தார். மார்க்கோனி மறைந்ததும் அதே ஆண்டில்தான். போஸ் செய்வித்த அலைக்கருவிகள் சில அக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.