தானியங்கி மதகை வடிவமைத்த பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா

மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா, 1861 செப்டம்பர் 15-இல் மைசூரு சமஸ்தானத்தின் முத்தேனஹள்ளியில் பிறந்தார். இளம் வயதில் தந்தையை இழந்து, மாணவர்களுக்குப் பாடம் கற்பித்தே படித்த அவர், 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளரானார்.

கடக்வாஸ்லா அணையில் வெள்ளக் காலத்தில் உபரி நீர் வீணாகி வந்தது. அணையை உயர்த்தாமல் கூடுதல் நீரைத் தேக்க, நீர்மட்டம் வரம்பைக் கடந்ததும் தாமாகவே திறந்து, குறைந்ததும் மூடிக்கொள்ளும் மதகுகளை வடிவமைத்தார். 1903-இல் அவை நிறுவப்பட்டன.

தலைமைப் பதவிகள் ஆங்கிலேயருக்கே உரியவை என்பதை உணர்ந்து, 1908-இல் அப்பணியிலிருந்து விலகினார். மறு ஆண்டே மைசூருவின் தலைமைப் பொறியாளராகி, காவிரியில் கிருஷ்ணராஜ சாகர் அணையைத் திட்டமிட்டார். அங்கும் தானியங்கி மதகுகள் பொருத்தப்பட்டன.

1955-இல் பாரத ரத்னா பெற்ற அவர், 1962-இல் மறைந்தார். அவரது பிறந்தநாள் பொறியாளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.