கோழி கொண்டுவந்த செய்தி

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் பாப்பா பிறந்தால், 24 மணி நேரத்துக்குள் தொடையில் ஓர் ஊசி போடுவார்கள். அது ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி. மஞ்சள் காமாலையை மட்டுமல்ல, அந்த வைரஸால் பின்னாளில் வரக்கூடிய கல்லீரல் புற்றுநோயையும் அது தடுக்கிறது. வைரஸால் புற்றுநோயா என்கிறீர்களா? பெரிய டாக்டர்களே ஒரு காலத்தில் இதை நம்பவில்லை!

பேட்டன் ரவுஸ் 1879-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். மருத்துவம் படிக்கும்போது, பிரேதப் பரிசோதனையில் விரலில் காயம்பட்டு, காசநோய் தொற்றிவிட்டது. படிப்பை நிறுத்தி, டெக்சாசில் மாட்டுப் பண்ணை வேலைக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டார்.

1909-ல் நியூயார்க்கில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கோழி வந்தது. அதன் நெஞ்சில் பெரிய கட்டி! ரவுஸ் அந்தக் கட்டியை அரைத்து, பாக்டீரியாகூடப் புக முடியாத வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரில் புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. அதை அதே இனக் கோழிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அவற்றுக்கும் கட்டி! வடிகட்டிக்குத் தப்பிய அந்தப் பொடியன்தான் வைரஸ்.

1911-ல் எழுதி வெளியிட்டார். கோழி சமாசாரம் மனிதனுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டார்கள். எலிகளிடம் முயன்றார்; பலிக்கவில்லை. மனம் சலித்து வேறு ஆராய்ச்சிக்குப் போனார். அங்கும் சும்மா இருக்கவில்லை. ரத்தம் கெடாமல் காக்கும் கரைசலை நண்பருடன் சேர்ந்து உருவாக்க, அது முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு உதவியது. முயல்களுக்கு வைரஸால் கட்டி வருவதை ஒரு நண்பர் காட்டியதும், 1934-ல் பழைய ஆராய்ச்சிக்கே திரும்பினார்.

எல்லாப் புற்றுநோய்க்கும் வைரஸ் காரணமில்லை. ஜலதோஷம் போலப் புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது, பயப்படாதீர்கள். ஆனால், சிலவற்றுக்கு வைரஸே காரணம் என்று மெல்ல மெல்ல உறுதியானது. 1966-ல் ரவுசுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது தாத்தாவுக்கு வயது 87!