காட்டுக் கொட்டையும் கறுப்பு மேதையும்

அடிமையாகப் பிறந்தார், ஆசானாக உயர்ந்தார்! அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், 1864ஆம் ஆண்டு வாக்கில் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்தான் அவர்.

இடம் தருவதாகச் சொன்ன கல்லூரி, தோல் கறுப்பு என்று கண்டதும் கதவைச் சாத்திற்று. கலங்கினாரா? இல்லை! அயோவா மாநிலத்தில் விவசாயம் பயின்று, 1896இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, அலபாமாவிலுள்ள டஸ்கிஜி கல்விக்கூடத்திற்கு ஆசிரியராக வந்தார்.

அங்கே அவர் கண்டது என்ன? அடிமைத்தளை 1865இலேயே சட்டப்படி அறுந்தது, கடன்தளையோ அறவில்லை! நிலம் பிறருடையது, விளைந்த பருத்தி கடன் கொடுத்தவருடையது, வியர்வை மட்டுமே கறுப்பின உழவனுடையது. அவன் பட்டியிலே நின்ற பன்றிக்கோ, தீனி வாங்கக் காசில்லை.

1898இல் டஸ்கிஜி ஆய்வுப் பண்ணையின் முதல் வெளியீட்டைக் கார்வர் எழுதினார். எதைப் பற்றி? ஓக் மரத்தடியில் உதிர்ந்து மட்கும் கொட்டைகளைக் கால்நடைத் தீனியாக்குவது பற்றி! மக்காச்சோளத்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால் பன்றி கொழுக்கும், செலவு குறையும் என்றார். காடு தரும் தீனி. கடன் கேட்காத தீனி! சருகையும் சதுப்புச் சேற்றையும் எருவாக்கக் கற்பித்தவரும் அவரே.

உழவன் கல்லூரிக்கு வர இயலாதா? கல்லூரி உழவனிடம் போகட்டும்! கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் ஏற்றிய வண்டி, 1906இல் சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. வெயில் காலத்திலும் இறைச்சி கெடாமல் பதப்படுத்தும் முறையை 1912இல் எழுதித் தந்தார்.

சேமித்த பொருளை ஆராய்ச்சிக்கே ஈந்துவிட்டு, 1943 ஜனவரி 5இல் மறைந்தார். நிலக்கடலை மேதை என்று உலகம் அவரைப் புகழ்கிறது, புகழட்டும்! ஏழையின் பன்றிப் பட்டிவரை இறங்கி வந்ததே அவர் அறிவு, அதையும் சேர்த்துப் புகழட்டும்!